வெயில் வீட்டின் இருபத்து மூன்று குறைகள்

பிப்ரவரி 3, திங்கள்

சென்னை வந்து சேர்ந்தேன். ஆட்டோக்காரர் திருவல்லிக்கேணியில் ஒரே சந்துக்குள் மூன்று முறை சுற்றினார். ஹோட்டல் என்றால் பெயர்ப்பலகை இருக்கும் என்று நானும் அவரும் நம்பியதுதான் தப்பு. வாசல் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. அதில் எறும்பு எழுத்தில் ‘வெயில் வீடு’. சென்னையில் ஒரு கட்டடத்துக்கு இப்படிப் பெயர் வைக்க யாருக்கோ துணிச்சல் வந்திருக்கிறது.

பழைய வீடு ஒன்றை இடிக்காமல் ஏழு அறை பண்ணியிருக்கிறார்கள். வலது பக்கம் பைக் மெக்கானிக். இடது பக்கம் பேச்சிலர் மேன்ஷன், மூன்று மாடியிலும் பனியன் காய்கிறது. எதிரே பிரியாணிக் கடை. காலை பத்தரைக்கே அண்டாவைத் திறந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்த அழகுராணி.

அறைக்கு எண் கிடையாது, பெயர்தான். என்னுடையது ‘இளவெயில்’. ஒரே பலகையில் பதினொரு ஸ்விட்ச், எது எதற்கு என்று எழுதவில்லை. விசிறி போட நினைத்தால் கட்டிலுக்கு அடியில் விளக்கு எரிகிறது. கட்டிலுக்கு அடியில் யார் படிக்கப்போகிறார்கள்? பாத்ரூமில் வாளி இல்லை, கப்பு இல்லை. கதவு கண்ணாடி. சட்டை மாட்டும் கொக்கி என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. வேட்டியை மாட்டினால் நுனி தரையைக் கூட்டுகிறது. முகம் பார்க்கிற கண்ணாடியில் என் கழுத்துவரைதான் தெரிகிறது. சவரம் பண்ண முட்டியை மடக்கி நின்றேன்.

எழும்பூரில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவராக இருந்து விசாரிக்கும் ஒரு பாலம் வழக்கில் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். தொண்ணூற்றெட்டில், அரசு இன்ஜினியராக நான் கட்டிய பாலம். அஸ்திவார ஆழத்தை நான் அளவுப் புத்தகத்தில் பின்னால் திருத்திவிட்டேன் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் எழுதின ஒரு எண்ணை மாற்றியவன் இல்லை நான். இதைச் சொல்லிவிட்டுப் போக இரண்டு நாள் போதும் என்றார் எங்கள் துறை வக்கீல்.

அறையை ஏற்பாடு செய்தது தமயந்தி. ஒரே மகள். சென்னையில்தான் இருக்கிறாள். இரண்டு தோழிகளோடு ஒரு சின்ன ஃப்ளாட், எனக்கு அங்கே இடமில்லை. என் மனைவி கோகிலம் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு தமயந்தி புதுக்கோட்டைக்கு வந்தது இரண்டே முறை. போனில் இரண்டு நிமிஷம். ‘சாப்டீங்களாப்பா’, ‘மாத்திரை போட்டீங்களா’. அதற்கு மேல் அவளும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. சிவில் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டேன். பாதியில் விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளே அழகு பண்ணுகிற படிப்புக்குப் போனாள். யாருக்கு, என்ன வேலை செய்கிறாள் என்று நான் விசாரித்ததில்லை.

இன்று மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னாள். “தங்கிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு எனக்கு எழுதித் தாங்கப்பா. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது.” பாண்டிச்சேரியில் வேலையாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

தப்பாதுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எழும்பூர் போனேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். வாய்தா.

காலையில் இட்லி கேட்டேன். கருங்கல் தட்டில், கட்டை விரல் பருமனில் ஆறு உருண்டையும் நடுவில் ஒரு செம்பருத்திப் பூவும் வந்தது. பூவை என்ன செய்வது என்று கேட்டேன். “அது சும்மா அழகுக்கு சார்” என்றார் பிலோமினா. இவர்தான் இங்கே மேனேஜர், ரிசப்ஷன், எல்லாம். நாற்பத்தைந்து வயது இருக்கும், குள்ளமான உருவம், சுறுசுறுப்பு. மதியம் நான் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் வாளியும் கப்பும் கொண்டுவந்து பாத்ரூம் மூலையில் வைத்துவிட்டு, “ஓனர் வந்தா மட்டும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க சார்” என்றார். கட்டிலடி விளக்குக்கு ஒரு உபயோகம் வந்தது.

பிப்ரவரி 5, புதன்

வாய்தா. அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் கூப்பிடவில்லை. மரப் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்த்தி வைத்து, “சார், திங்கள்கிழமை கண்டிப்பா” என்றார் வக்கீல். திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கடுப்பு தலைக்கு ஏறிவிட்டது. அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மூக்குக்கு நேராக வருகிறது. பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

நான் எங்கே போனாலும் டேப் கூட வரும். கோகிலம் கிண்டல் பண்ணுவாள், “சாமி கும்பிடப் போனாலும் கர்ப்பகிரக வாசலை அளந்துட்டுதான் வருவார்” என்று. அளந்தது உண்மைதான்.

அளந்தால் விஷயம் புரிந்தது. இது அவசரத்தில் நேர்ந்த தப்பு இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பிடிவாதமாகப் பண்ணிய தப்பு. கொக்கி மூன்றடி பத்து அங்குலம். முகக்கண்ணாடியின் நடு நாலடி நாலு. கை கழுவும் பேசின் முப்பத்திரண்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது. நாற்காலி பதினெட்டுக்குப் பதினாலு. அலமாரி மேல்தட்டு வெறும் ஐந்தடி. கதவில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற ஓட்டைகூட நாலடி ஐந்தில். நான் ஐந்தடி பதினொன்று. இந்த அறையில் நான் நிமிர்ந்து செய்கிற ஒரே காரியம் படுப்பதுதான்.

எதற்கும் ஒரு அளவு இருக்கிறது. பத்துப் பேர் வந்து போகிற கட்டடத்துக்கு அதுதான் நியாயம். எங்கள் குவார்ட்டர்ஸில் சமையலறை மேல் அலமாரி ஆறடி மூன்று அங்குலம். சொந்த வீடு கட்டியபோதும் அதையேதான் போட்டேன். கோகிலம் முக்காலி போட்டு ஏறி எடுப்பாள். முப்பத்து மூன்று வருஷம்.

இதற்குக் கீழே எழுதிய ஒரு வரியை அடித்துவிட்டேன்.

தமயந்தி எழுதித் தரச் சொன்னாளே. எழுத உட்கார்ந்தேன், சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிந்தது. மொத்தம் இருபத்து மூன்று குறைகள். ஒன்று முதல் ஒன்பது, மின்சாரம், குழாய், வாளி. பத்து முதல் இருபத்தொன்று, உயரங்கள். கடைசி இரண்டும் பெயர்ப்பலகையும் பூவும். முடிவுரையில், ‘இந்த அறையை வடிவமைத்தவருக்கு அடிப்படை அளவுகள் தெரியாது, அல்லது தெரிந்தும் மதிக்கவில்லை’ என்று எழுதி, பெயர், பழைய பதவி, கையெழுத்து, தேதி போட்டேன்.

ஆய்வு அறிக்கையை அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம்தான் முதலில் தர வேண்டும். அதுதான் முறை. மூலத்தைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒப்புகை வாங்காமல் ஒரு காகிதமும் என் கையை விட்டுப் போனதில்லை. அவர் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நகல் தமயந்திக்கு.

பல நாளைக்குப் பிறகு ஒரு வேலை செய்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

முதலாளி கிரிதரன் நேரில் வந்துவிட்டார். நாற்பது வயது, காலில் தோல் செருப்பு, கையில் என் அறிக்கை. வாளியைத் தள்ள நேரமில்லை, ஆனால் அவர் பாத்ரூம் பக்கம் போகவில்லை.

“சார், இந்த மாதிரி ஒருத்தரைத்தான் ஆறு மாசமா தேடிட்டிருந்தேன். எனக்குத் தோணிட்டே இருந்துச்சு, ஆனா சொல்லத் தெரியல. நீங்க நம்பரோட சொல்லிட்டீங்க.”

“நம்பர்தான் பேசணும்” என்றேன்.

“மத்த ஆறு ரூமும் ஒழுங்காத்தான் இருக்கு. இந்த ஒரு ரூம் மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுடுங்கன்னு டிசைனர் கேட்டாங்க. ரொம்பப் பிடிவாதம். சரின்னு விட்டேன். பாண்டியில ஒரு பெரிய வீடு வாங்கியிருக்கேன், பதினாறு ரூம். அதையும் அவங்களுக்கே குடுக்கறதா இருந்தது. திங்கள்கிழமை அக்ரிமென்ட். இப்ப யோசிக்கணும்.”

“யோசிக்கத்தான் வேணும்.”

“நீங்க பாண்டிக்கு ஒரு தடவை வந்து பாக்க முடியுமா சார்? கன்சல்டன்ட்டா?”

கேஸ் முடியட்டும் என்று சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதையும் பார்க்கக் கூப்பிட்டதில்லை. எதிர்க் கடைக்குப் போய் அரை பிளேட் பிரியாணி சாப்பிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

மெக்கானிக் காலை எட்டுக்கே ஏதோ ஒரு புல்லட்டை முறுக்க ஆரம்பித்துவிட்டார். இது அறிக்கையில் விட்டுப்போன குறை.

தமயந்திக்கு இரண்டு முறை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. நாளை வரும்போது பாண்டி வேலையைப் பற்றிச் சொல்லலாம். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவளுக்கும் ஒரு மதிப்பு வரும். அவளும் பாண்டியில்தானே இருக்கிறாள், சேர்ந்து போய் வரலாம். பார்த்தசாரதி கோவில் பக்கம் போய் அவளுக்குப் பிடிக்கும் என்று சீடை வாங்கி வைத்தேன். இப்போதும் பிடிக்குமா தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தாள். கதவைத் தட்டினாள். அந்த ஓட்டை வழியாகப் பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது. இளைத்திருக்கிறாள். உயரம் மட்டும் என் உயரம்.

உட்காரச் சொன்னேன். நிற்கிறேன் என்றாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். என் அறிக்கை.

“இது உன்கிட்ட எப்படி வந்துச்சு? நகல் இங்கல்ல இருக்கு?”

“கிரிதரன் அனுப்பினார்.”

“அவரை உனக்குத் தெரியுமா?”

“இந்த வீட்டைப் பண்ணினதே நான்தான்ப்பா.”

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. வெளியே ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

“எனக்கு எழுதித் தாங்கன்னுதானே சொன்னேன்? என்கிட்ட.”

“பொறுப்புல இருக்கிறவங்ககிட்டதான் முதல்ல தரணும். அதான் முறை. நீதான்னு நீ சொல்லலையே.”

“சொல்லியிருந்தா நாலு பாயிண்ட் குறைச்சிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“தெரியும். அதனாலதான் சொல்லல. பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்களைத் தங்க வச்சேன்.” காகிதத்தைத் தொட்டாள். “ஒண்ணுலேருந்து ஒம்போது வரைக்கும் சரிதான். ஸ்விட்ச்சு நான் பண்ணின தப்பு. வாளியும்தான்.”

“பத்துலேருந்து இருபத்தொண்ணு வரைக்கும்? அதுதான் பெரிய தப்பு. கட்டடக்கலைல மொதப் பாடம் அது. யார் வந்தாலும் பொருந்துற அளவு...”

“அளவெல்லாம் கரெக்டா எடுத்திருக்கீங்கப்பா. ஒரு அரை அங்குலம் கூட தப்பு இல்ல. யாரோட அளவுன்னு மட்டும் பாக்கல.”

கண்ணாடி முன்னால் போய் நின்று கலைந்த முடியைச் சரி பண்ணினாள். அவளும் என்னை மாதிரியே முட்டியை மடக்கித்தான் நின்றாள். அப்புறம் கிளம்பிவிட்டாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். சீடையைக் கொடுக்கவே இல்லை.

எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒளித்து வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு குற்றம் சொன்னால்? நான் எழுதியதில் ஒரு எண் தப்பென்று அவளே சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எழும்பூர். நாளை தைப்பூசம், விடுமுறை. வியாழக்கிழமை கட்டாயம் கூப்பிடுவார்களாம். சாட்சி சொல்ல வந்தவனா, பெஞ்சைத் தேய்க்க வந்தவனா என்று வக்கீலிடம் கேட்டேன். சிரித்தார்.

மதியம் பிலோமினா அறையைப் பெருக்க வந்தார். வேலைக்காரப் பெண் லீவாம். முகம் சரியில்லை.

“பாண்டி அக்ரிமென்ட் இன்னிக்கு நடக்கல சார். அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா அங்கயே கிடந்து வேலை பார்த்துச்சு. இந்த ரூமையும் பதினேழாம் தேதி உடைக்கிறாங்களாம். எல்லாத்தையும் மேல ஏத்தப் போறாங்க.”

நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களைச் சொல்லல சார். நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க. ஆனா நான் இருபது வருஷமா ஹோட்டல்ல வேலை செய்யிறேன். ஸ்டூலு இல்லாம நான் பெருக்கித் தொடைக்கிற ரூம் இது ஒண்ணுதான். சில லேடீஸ் போன் பண்ணி இந்த ரூம்தான் வேணும்னு கேப்பாங்க. ஏன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியாது.”

பேசிக்கொண்டே நாற்காலி முதுகில் போட்டிருந்த என் சட்டையை எடுத்து உதறி, கையைத் தூக்காமல், பார்க்காமல், கொக்கியில் மாட்டினார். பேசினைத் துடைத்தார், குதிகால் உயரவில்லை. அலமாரி மேல்தட்டைத் துடைத்தார். கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டைச் சரி பண்ணிக்கொண்டார். முகம் முழுதாக நடுவில் தெரிந்தது.

அவர் உயரம் சுமார் நாலடி ஒன்பது இருக்கும்.

இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

தெருவில் காவடி போகிறது. காலையிலிருந்து மேளம். நான் வெளியே போகவில்லை.

பன்னிரண்டு அளவையும் திரும்ப எடுத்தேன். வேறு விதமாக எடுத்தேன். முதலில் ஆளை நிறுத்திக்கொண்டேன், நாலடி ஒன்பது அங்குலம். பிறகு ஒவ்வொன்றாக. கண்ணுக்கு நேரே கண்ணாடி. கைக்கு நேரே கொக்கி. முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே பேசின். தோளிலிருந்து கையை லேசாக நீட்டினால் மேல்தட்டு. பன்னிரண்டும் பொருந்துகிறது. ஒன்றுகூடப் பிசகவில்லை. இத்தனை சுத்தமாக அளவு எடுத்தவளுக்கு அடிப்படை தெரியாது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கோகிலத்தின் உயரம் நாலடி ஒன்பது. இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நர்ஸ் சீட்டில் எழுதினார், உயரம் நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. பாலத்தை அளந்தேன், பள்ளிக்கூடத்தை அளந்தேன், கோவில் வாசலை அளந்தேன்.

அன்று காலை ஏழு மணி. உப்புமா பண்ணலாமா என்று கேட்டாள். சரி என்றேன். ரவை டப்பா மேல் அலமாரியில். முக்காலி நான் தேக்கில் செய்து கொடுத்தது, நல்ல கனம், அது ஆடவில்லை. அவள் கால்தான் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது. நாற்பத்தோரு நாள் படுக்கையில் கிடந்தாள், பிறகு நிமோனியா. நான் எல்லோரிடமும் ‘நிமோனியாவில் போனாள்’ என்றுதான் சொல்வேன். டாக்டர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

தமயந்தி பத்தாவது படிக்கும்போது தானே அடிஸ்கேல் வைத்து அளந்து ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தாள். “அம்மாவுக்கு எட்டல, அலமாரியைக் கீழ இறக்குங்கப்பா” என்றாள். அரசாங்கக் கட்டடத்தில் ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும் என்றேன். அது உண்மை. ஆனால் சொந்த வீடு கட்டும்போது அந்த அனுமதியை நானே எனக்குக் கொடுத்திருக்கலாம். கோகிலம் ஒரே ஒரு முறை கேட்டாள், கொத்தனார் முன்னால். “கொஞ்சம் கீழ வைக்கலாமா?” நான் அளவைச் சொன்னேன். கொத்தனார் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு நாற்காலிகளில் அவள் கால் தரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் ஆட்டிக்கொண்டே இருப்பாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். இங்கே பதினாலு அங்குல நாற்காலி. இதில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கும்.

செய்தது தப்பு. வேறு மாதிரி எழுத வரவில்லை.

மதியம் இரண்டாவது அறிக்கை எழுதினேன். குறை பத்து முதல் இருபத்தொன்று வரை திரும்பப் பெறப்படுகின்றன. முடிவுரை ரத்து செய்யப்படுகிறது. ஒவ்வொரு அளவுக்கும் எதிரே காரணம் எழுதினேன். கொக்கி, மூன்றடி பத்து, காரணம்: கையைத் தூக்காமல் எட்டும். இப்படிப் பன்னிரண்டு. கடைசியில் ஒரு புதுக் குறை சேர்த்தேன். இருபத்து நாலு.

நான் திரும்பப் பெற்ற முதல் அறிக்கை இது. மறுபடி ஒரு சுத்தப் பிரதி எடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

கிரிதரன் காலையில் வந்தார். கொடுத்தேன். படித்தார். இருபத்து நாலாவதில் கொஞ்சம் நின்றார்.

“என்ன சார் இது? ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நான் எதை நம்பறது?”

“ரெண்டாவதை. மொதல்ல எழுதினப்ப ஆளை விட்டுட்டு அளந்துட்டேன்.”

“அந்தப் பொண்ணு உங்க மகள்னு நேத்துதான் தெரியும். அதுக்காகவா?”

“மகளுக்காக எழுதறதா இருந்தா வாளியையும் எடுத்திருப்பேன். அது நிக்குது பாருங்க, குறை ஆறு. என் மகள் தப்புதான் அது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பாண்டி வேலையை வேறொரு கம்பெனிக்குத் திங்கள்கிழமையே பேசிவிட்டாராம். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். நான் அவரிடம் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நின்றபடி பத்து நிமிஷம். பயனில்லை.

“இந்த ரூமை மட்டுமாவது உடைக்காதீங்க. பிலோமினாவைக் கேளுங்க, எத்தனை பேர் இதையே கேட்டு வாங்கறாங்கன்னு.”

கேட்டார். பிலோமினா பதிவேட்டையே எடுத்து வந்து காட்டினார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்றார். ஒப்புகை கேட்டேன். போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள்.

என்னிடம் சத்தியம் வாங்கியதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். காய்ச்சல் விட்டு நன்றாகத் தேறியிருந்தார். பாலத்தைப் பற்றி அரை மணி நேரம் குடைந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் குரலைத் தூக்கிக் கேட்டார்.

“முப்பத்து நாலு வருஷ அனுபவம்னு சொல்றீங்க. எழுதிக் கொடுத்த ஒரு அறிக்கையை நீங்க மாத்தினதே இல்லையா?”

இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லத்தான் நான் புதுக்கோட்டையிலிருந்து வந்தேன். பத்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த பதில்.

“உண்டு” என்றேன். “நேத்து.”

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நடுவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன அறிக்கை அது?”

“ஒரு ஹோட்டல் ரூம் ஐயா.”

“அளவு தப்பாயிருந்ததா?”

“அளவு சரிங்க ஐயா. யாருக்கான அளவுன்னு பாக்காம தப்புன்னு எழுதிட்டேன்.”

“பாலம்?”

“பாலத்துல ஒரு எண்ணும் மாத்தலை ஐயா. சர்வீஸ்ல இருந்தவரைக்கும் எதையும் மாத்தலை. சிலதை மாத்தியிருக்கணும்.”

அவர் எழுதிக்கொண்டார். எதை எழுதினார் என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம் பேசவில்லை. நான் பஸ்ஸில் ஏறி வந்து படுத்துத் தூங்கினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலை ஒன்பதுக்குத் தமயந்தி வந்தாள். பிலோமினா போன் பண்ணியிருக்கிறார். இந்த முறை உட்கார்ந்தாள், அந்தக் குட்டை நாற்காலியில். முழங்கால் அவளுக்கும் உயர்ந்துதான் நின்றது.

“பாண்டி போச்சுப்பா.”

“தெரியும். என்னாலதான்.”

“ஆமா. உங்களாலதான்.” சுற்றி வளைக்காமல் சொன்னாள். “ரெண்டு மாசம். ஒவ்வொரு ரூமா வரைஞ்சு வச்சிருந்தேன்.”

சீடைப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தேன். ஆறு நாள் ஆனதில் கொஞ்சம் கடினமாகிவிட்டது. எடுத்துக் கடித்தாள், சத்தம் கேட்டது.

இரண்டாவது அறிக்கையைக் கொடுத்தேன். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தாள். வாளி வந்ததும், “இது இன்னும் நிக்குதா?” என்றாள். நிற்கும் என்றேன். ஒரு நொடி சிரித்தாள். பத்திலிருந்து மெதுவாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிய பிறகு நிமிரவே இல்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்:

குறை 24. இடம்: புதுக்கோட்டை வீடு, சமையலறை மேல் அலமாரி. உயரம்: ஆறடி மூன்று அங்குலம். பயன்படுத்தியவர் உயரம்: நாலடி ஒன்பது அங்குலம். இருமுறை எடுத்துச் சொல்லப்பட்டது, சரிசெய்யப்படவில்லை. பொறுப்பு: சி. மாசிலாமணி.

அவள் அழுதாள். நானும்தான். வெளியே மெக்கானிக் புல்லட்டை முறுக்கிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கொருவர் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் அங்கதான் இருக்கா அந்த அலமாரி?” என்று கேட்டாள்.

“இருக்கு. ரவை டப்பாவும் அப்படியே இருக்கு. நான் அந்தப் பக்கம் போறதில்ல. கடைல சாப்பிடறேன்.”

“இருபத்தி ரெண்டாந்தேதி வரேன். நான் வந்து அளக்குறவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

“யார் அளவுக்கு வைக்கப் போற? இப்ப நான் மட்டும்தானே.”

“அம்மா அளவுக்குத்தான். நீங்க குனிஞ்சு எடுங்க.”

சரி என்றேன். பிறகு பேனாவை எடுத்தவள், நான் கேட்காமலே, நகலின் கடைசிப் பக்கத்தில் இருபத்து நாலுக்கு நேர் கீழே எழுதினாள். ‘பெற்றுக்கொண்டேன். மா. தமயந்தி. 14/2.’

மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சட்டையைக் கொக்கியிலிருந்து எடுக்க இன்றும் குனிந்தேன். எழும்பூரிலிருந்து ரயில், அவள்தான் கொண்டுவந்து ஏற்றிவிட்டாள்.